நிலா எப்ப உதிக்கும்னு அதோட ஷேப்பே சொல்லிடும்: பிறை, உதயம், அஸ்தமனம் ஒரு எளிய விளக்கம்

ரெண்டு வருஷம் முன்னாடி நிலா உதிக்கறத போட்டோ எடுக்கணும்னு ஆசைப்பட்டு மொட்டமாடில கேமராவ ஸ்டாண்டுல மாட்டிட்டு சாயங்காலம் ஆறு மணிக்கே போய் உக்காந்துட்டேன். முந்தாநாள் பௌர்ணமி, அன்னிக்கு சரியா ஆறு மணிக்கு பெருசா மஞ்சளா மேல வந்துது, அதனால இன்னிக்கும் அதே டைமுக்குதான் வரும்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஆறே கால் ஆச்சு, ஆறே முக்கால் ஆச்சு, ஏழு ஆச்சு, கொசு கடிச்சதுதான் மிச்சம். ஏழு நாப்பதுக்கு, நான் ஸ்டாண்ட மடிச்சு பைக்குள்ள வெச்ச அப்புறம், பக்கத்து பில்டிங் தண்ணி டேங்க்குக்கு பின்னாடிலேர்ந்து மெதுவா எட்டிப் பாத்துது.

அன்னிக்குதான் புரிஞ்சுது, பொறந்ததுலேர்ந்து பாத்துட்டு இருக்கற ஒரு விஷயத்த பத்தி எனக்கு ஒன்னுமே தெரியலன்னு. கேட்டுப் பாத்தா நெறைய பேரு இதே நெலமைலதான் இருக்காங்க. நிலா ராத்திரி மட்டும்தான் வரும், பிறையா தெரியறது பூமியோட நிழல் விழறதால, அமாவாசை அன்னிக்கு நிலா வானத்துலயே இல்ல, நிலாவுக்கு ஒரு பக்கம் எப்பவும் இருட்டு. இந்த நாலையும் நல்லா படிச்சவங்களே சர்வசாதாரணமா சொல்லுவாங்க, நாலுமே தப்பு. வானத்துல சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி இருக்குங்கற ஒரே ஒரு விஷயத்த பிடிச்சுட்டா மீதி எல்லாம் அதுலேர்ந்தே வந்துடும்.

முதல்ல அந்த நிழல் கதைய ஓரமா வெப்போம்

பூமியோட நிழல் எங்க விழும்னு யோசிங்க. விளக்குக்கு முன்னாடி நீங்க நின்னா உங்க நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கம்தான் விழும், இல்லயா? அதே மாதிரி பூமியோட நிழலும் சூரியனுக்கு நேர் எதிர் திசைலதான் இருக்கும். சாயங்காலம் சூரியன் மேற்குல இறங்குதுன்னா நிழல் கிழக்குல இருக்கு. ஆனா மூணாம் பிறைய எங்க பாக்கறோம்? மேற்குல, சூரியன் இப்பதான் மறைஞ்ச இடத்துக்கு பக்கத்துல. நிழல் ஒரு கோடில, பிறை இன்னொரு கோடில, அப்பறம் எப்டி நிழல் அது மேல விழும்? இந்த ஒரு கேள்விலயே நிழல் கதை முடிஞ்சுது.

பூமியோட நிழல் நிலா மேல விழறதும் உண்டு, அதுக்கு பேரு சந்திர கிரகணம். அது பௌர்ணமி அன்னிக்கு மட்டும்தான் நடக்க முடியும், ஏன்னா அன்னிக்குதான் நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் போகுது. அப்ப ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வரலன்னு அடுத்து கேப்பீங்க. நிலா சுத்தற பாதை, பூமி சூரியன சுத்தற தளத்துலேர்ந்து சுமார் 5 டிகிரி சாஞ்சு இருக்கு. 5 டிகிரின்னா கேக்க சின்னதா இருக்கும், ஆனா வானத்துல நிலாவோட அகலமே அரை டிகிரிதான், அதனால நிழலுக்கு மேலயோ கீழயோ பத்து நிலா அகலம் வரைக்கும் தள்ளிப் போயிடும். பெரும்பாலான பௌர்ணமில அப்டிதான் தப்பிச்சு போகுது.

இன்னொரு விஷயம், பாடப்புத்தகத்துல பூமியையும் நிலாவையும் ஒட்டி ஒட்டி வரைஞ்சு வெச்சதுதான் பாதி குழப்பத்துக்கு காரணம்னு எனக்கு தோணும். பூமி ஒரு பாஸ்கெட் பால்னு வெச்சுக்கிட்டா நிலா ஒரு டென்னிஸ் பால், ரெண்டுக்கும் நடுவுல தூரம் கிட்டத்தட்ட 7 மீட்டர். நெஜ கணக்குல சராசரியா 3,84,400 கிலோமீட்டர், அதாவது வரிசையா 30 பூமிய அடுக்கலாம். இவ்ளோ தூரத்துல இருக்கற டென்னிஸ் பால் மேல மாசாமாசம் தவறாம நிழல் விழணும்னா எப்டி?

பிறை வர்றது எப்டி: ஒரு விளக்கு, ஒரு பந்து

நிலாவுக்கு சொந்த வெளிச்சம் கெடையாது. ஆரியபட்டர் கி.பி. 499லயே இத எழுதி வெச்சுட்டாரு, கிரகணம் நிழலாலதான் வருதுங்கறதயும் சேத்து. பளபளன்னு தெரியுதேன்னு நெனைப்போம், ஆனா நிலாவோட மண்ணு பழைய தார் ரோடு மாதிரி மங்கலானதுதான், விழற வெளிச்சத்துல சுமார் 12 சதவீதத்ததான் திருப்பி அனுப்புது. சுத்தி இருக்கற வானம் கறுப்பா இருக்கறதால நமக்கு வெள்ளையா தெரியுது.

இப்ப ஒரு ரூம இருட்டாக்குங்க, தலை உயரத்துக்கு ஒரே ஒரு பல்பு மட்டும் எரியட்டும், அதான் சூரியன். உங்க தலைதான் பூமி. கைல ஒரு வெள்ளப் பந்த எடுத்து கைய நீட்டி தலைக்கு கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க.

பல்ப பாத்து நின்னா பந்தோட வெளிச்சப் பக்கம் பல்பு பக்கம் இருக்கும், உங்களுக்கு இருட்டுப் பக்கம்தான் தெரியும். இது அமாவாசை. பந்து காணாமப் போகல, வெளிச்சத்துலதான் இருக்கு, அந்த வெளிச்சம் உங்க பக்கம் இல்ல, அவ்ளோதான். இப்ப மெதுவா எடது பக்கமா திரும்புங்க, பந்தும் உங்க கூடவே வரும். வலது ஓரத்துல மெல்லிசா ஒரு வளைவு தெரிய ஆரம்பிக்கும், அதான் பிறை. கால் சுத்து திரும்பினதும் பந்துல சரிபாதி வெளிச்சம், அரைநிலா. அரை சுத்து முடிஞ்சு பல்பு உங்க முதுகுக்கு பின்னாடி போனதும் முழுப் பந்தும் வெளிச்சம், பௌர்ணமி. இந்த எடத்துல கைய கொஞ்சம் கீழ இறக்கினா உங்க தலை நிழல் பந்து மேல விழும் பாருங்க, அதான் கிரகணம், அதுக்குதான் மேல தூக்கிப் பிடிக்க சொன்னேன். இன்னும் திரும்பினா வெளிச்சம் மறுபக்கத்துலேர்ந்து குறைஞ்சுகிட்டே வந்து திரும்ப அமாவாசைல முடியும்.

இந்த மொத்த சுத்துலயும் பந்துல சரிபாதி எப்பவுமே வெளிச்சமாத்தான் இருந்துது. அந்த வெளிச்சப் பாதில நம்ம கண்ணுக்கு எவ்ளோ தெரியுதுங்கறதுதான் மாறுது. அப்டி மாறித் தெரியற தோற்றத்துக்குதான் பிறை நிலைன்னு பேரு. அமாவாசைலேர்ந்து பௌர்ணமி வரைக்கும் வளர்பிறை, அங்கேர்ந்து திரும்ப அமாவாசை வரைக்கும் தேய்பிறை.

இதவிட நல்ல சோதனை ஒன்னு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. பகல்ல நிலாவும் சூரியனும் ரெண்டும் வானத்துல இருக்கற ஒரு நாள் பாத்து, வெயில்ல நின்னு ஒரு பந்த நிலாவுக்கு பக்கத்துல தெரியற மாதிரி கைய நீட்டிப் பிடிங்க. நிலா என்ன ஷேப்ல இருக்கோ அச்சு அசலா அதே ஷேப்ல பந்து மேலயும் வெயில் விழுந்திருக்கும். ஒன்னு முழங்கை தூரத்துல, இன்னொன்னு லட்சக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ரெண்டுக்கும் ஒரே சூரியன்.

சுருக்கமா: பிறைக்கும் பூமி நிழலுக்கும் சம்பந்தமே இல்ல. நிலாவுல பாதி எப்பவும் வெளிச்சம், நாம எந்தக் கோணத்துலேர்ந்து பாக்கறோமோ அதுக்கேத்த மாதிரி ஷேப் மாறுது.

தினமும் ஏன் லேட்டா வருது

கடிகாரத்த எடுத்துக்கோங்க. பன்னெண்டு மணிக்கு பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்னு மேல ஒன்னு நிக்குது. பெரிய முள்ளு ஒரு சுத்து முடிச்சு திரும்ப பன்னெண்டுக்கு வரும்போது சின்ன முள்ளு அங்க இருக்கா? இல்ல, அது ஒன்னுக்கு நகர்ந்து போயிடுச்சு. அதனால பெரிய முள்ளு இன்னும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடினாதான் பிடிக்க முடியும்.

பூமி மேல நிக்கற நீங்கதான் பெரிய முள்ளு, நிலாதான் சின்ன முள்ளு. பூமி மேற்குலேர்ந்து கிழக்கா சுத்துது, நிலாவும் அதே திசைலதான் மெதுவா பூமிய சுத்தி நகருது. நேத்து நிலா உதிச்ச நேரத்துலேர்ந்து 24 மணி நேரம் கழிச்சு நீங்க அதே எடத்துக்கு வந்து நின்னா நிலா அதுக்குள்ள கிழக்கு பக்கம் ஏறக்குறைய 12 டிகிரி தள்ளிப் போயிருக்கும். கைய நீட்டி முஷ்டிய மடக்கிப் பிடிச்சா அந்த முஷ்டி அகலம் சுமார் 10 டிகிரி, அதவிட கொஞ்சம் கூட. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிஷம் ஆகும், 12 டிகிரிக்கு துளி மேல இருக்கறதால சுமார் 49 நிமிஷம், அந்த 49 நிமிஷத்துலயும் நிலா இன்னும் துளி நகர்ந்துடும், எல்லாம் சேத்து சராசரியா 50 நிமிஷம். என் மொட்டமாடி கணக்கு இப்ப புரியுதா, ரெண்டு நாளுக்கு நூறு நிமிஷம், ஆறு மணி ஏழு நாப்பதாச்சு.

சராசரின்னு சொன்னத கவனிங்க. நிலாவோட பாதை அடிவானத்த எவ்ளோ சாய்வா வெட்டுதுங்கறத பொறுத்து இந்த 50 கூடும் குறையும். பூமத்திய ரேகைலேர்ந்து ரொம்ப தள்ளி இருக்கற எடங்கள்ல சில மாசம் இருபது முப்பது நிமிஷம்தான் லேட்டாகும், சில மாசம் ஒரு மணி நேரத்த தாண்டும். சரியான நிமிஷம் வேணும்னா ஆப் பாத்துக்கறதுதான் நல்லது, ஆனா சுமாரா சொல்ல 50 போதும்.

ஷேப்பும் டைமும் ஒரே கணக்குதான்

இனிமேதான் விஷயமே. பந்து சோதனைல ஷேப்ப முடிவு பண்ணது எது? பல்புக்கும் பந்துக்கும் நடுவுல இருந்த கோணம். உதய நேரத்த முடிவு பண்றதும் அதே கோணம்தான், சூரியனுக்கு எவ்ளோ டிகிரி பின்னாடி நிலா வருதோ அவ்ளோ லேட்டா உதிக்கும். இத இனிமே கோண இடைவெளின்னு சொல்றேன்.

இடைவெளி பூஜ்யம்னா நிலாவும் சூரியனும் வானத்துல பக்கத்துல பக்கத்துல இருக்கு. சூரியன் கூடவே காலைல ஆறுக்கு உதிச்சு கூடவே சாயங்காலம் ஆறுக்கு மறையும், அதான் அமாவாசை. பகல் பூரா நம்ம தலைக்கு மேலதான் போகுது, வெளிச்சப் பக்கம் நம்ம பக்கம் இல்ல, பக்கத்துல சூரியன் வேற கண்ண கூசுது, அதனால தெரியல. அமாவாசை ராத்திரி நிலா இல்லங்கறது உண்மை, ஆனா காரணம் அது பகல் டூட்டிக்கு போயிடுச்சுங்கறதுதான்.

இடைவெளி 90 டிகிரி ஆச்சுன்னா கால் நாள், அதாவது ஆறு மணி நேரம் பின்னாடி வருது. மத்தியானம் பன்னெண்டுக்கு உதிச்சு நடுராத்திரி மறையும், இது வளர்பிறை அரைநிலா. 180 டிகிரின்னா நேர் எதிர், சூரியன் மறையும்போது இது உதிக்கும், சூரியன் உதிக்கும்போது இது மறையும், பௌர்ணமி. ராத்திரி பூரா நிலா இருக்கறது அந்த ஒரு ராத்திரியும் அத ஒட்டின ஒன்னு ரெண்டு ராத்திரியும்தான். 270 டிகிரின்னா நடுராத்திரி உதிச்சு மறுநாள் மத்தியானம் மறையும், தேய்பிறை அரைநிலா. காலைல பத்து மணிக்கு மேற்குப் பக்கம் வெளுத்துப் போன அரைநிலாவ பாத்து "என்னது இது, இன்னும் போகலயா"ன்னு நெனைச்சிருப்பீங்களே, அது இவருதான், ரெண்டு மணி நேரம் இன்னும் பாக்கி இருக்கு. ஆறு, பன்னெண்டுன்னு சொன்னதெல்லாம் ரவுண்டான கணக்கு, எடத்துக்கும் சீசனுக்கும் தகுந்த மாதிரி முன்ன பின்ன ஆகும்.

இது தெரிஞ்ச அப்புறம் ஒரு சின்ன தொல்லை என்னன்னா, நடுராத்திரி சீன்ல உச்சி வானத்துல மெல்லிசு பிறை இருக்கற மாதிரி வரையற படங்கள பாத்தா சிரிப்பு வந்துடும். மெல்லிசு பிறைன்னா சூரியனுக்கு பக்கத்துல இருக்குன்னு அர்த்தம், நடுராத்திரி சூரியன் காலுக்கு கீழ இருக்கும்போது பிறை மட்டும் தலைக்கு மேல எப்டி வரும்? அந்தப் பிறை வளைவுக்குள்ள ஒரு நட்சத்திரத்த வேற வெச்சுடுவாங்க, நிலாவோட இருட்டுப் பாகத்த துளைச்சுட்டு நட்சத்திரம் தெரியற மாதிரி!

திதின்னு காலண்டர்ல போடறாங்கல்ல, அதுவும் இதே கோண இடைவெளிதான். 12 டிகிரிக்கு ஒரு திதி, 360ஐ 12ஆல வகுத்தா 30 திதி. அஷ்டமிங்கறது வளர்பிறைல எட்டாவது திதி, 84 டிகிரிலேர்ந்து 96 டிகிரி வரைக்கும், சரிபாதி நிலா வர்ற 90 டிகிரி இதுக்கு நட்டநடுவுல உக்காந்திருக்கு. நிலா பாதை சரியான வட்டம் இல்ல, நீள்வட்டம், கிட்ட வரும்போது வேகமா ஓடும், எட்டப் போகும்போது மெதுவா நகரும், அதனால ஒரு திதி 19 மணி நேரத்துல முடியறதும் உண்டு, 26 மணி நேரம் இழுக்கறதும் உண்டு. திதி ஏன் காலைல பத்து இருபத்தாறுக்கு, ராத்திரி ரெண்டு நாலுக்குன்னு ஏடாகூடமான நேரத்துல மாறுதுன்னு கேட்டா இதான் காரணம்.

அப்பறம், வெளிச்சம் தினமும் ஒரே அளவு கூடறது இல்ல. அரைநிலா சமயத்துல ஒரு நாளைக்கு பத்து சதவீதம் வரைக்கும் மாறும், பௌர்ணமிகிட்ட வந்தா ஒரு நாள் முன்ன பின்ன 99 சதவீதமாவே நிக்கும், அதான் "இன்னிக்கு பௌர்ணமியா நாளைக்கா"ன்னு கண்ணால கண்டுபிடிக்க முடியறது இல்ல. அரைநிலான்னா பௌர்ணமில பாதி வெளிச்சம் தரும்னும் நெனைக்காதீங்க, பத்துல ஒரு பங்கு அளவுதான் தரும். அப்ப வெயில் சாய்வா விழறதால நிலாவோட மேடு பள்ளம் எல்லாத்துக்கும் நீள நீளமா நிழல் விழுந்து வெளிச்சத்த முழுங்கிடுது.

சுருக்கமா: சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல உள்ள கோண இடைவெளி தெரிஞ்சா ஷேப் தெரியும், உதய நேரம் தெரியும், மறையற நேரம் தெரியும். ஷேப்ப பாத்தா இடைவெளி தெரியும். எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சாலும் ஒன்னுதான்.

வளருதா தேயுதா, எப்டி கண்டுபிடிக்கறது

வலது பக்கம் வெளிச்சம்னா வளர்பிறை, எடது பக்கம்னா தேய்பிறைன்னு ஒரு ரூல் சொல்லுவாங்க. அது பூமியோட வடபாதிக்கு மட்டும்தான், தென்பாதில அப்டியே தலைகீழ். பூமத்திய ரேகை பக்கத்துல பிறை படுத்துட்டு ஓடம் மாதிரி மிதக்கும், அங்க வலதும் இல்ல எடதும் இல்ல. எங்க நின்னாலும் மாறாத ரூல் ஒன்னுதான், நிலாவோட வெளிச்சப் பக்கம் எப்பவும் சூரியன பாத்துதான் இருக்கும். சாயங்காலம் சூரியன் மறைஞ்சதும் பிறை தெரிஞ்சா வளர்பிறை, விடியக்காலைல கிழக்குல பிறை தெரிஞ்சா தேய்பிறை. இவ்ளோதான்.

மூணாம் பிறைய உத்துப் பாத்தா வெளிச்சம் இல்லாத மீதி வட்டமும் லேசா சாம்பலா தெரியும் பாருங்க. அது பூமிலேர்ந்து எதிரொளிச்சு போன வெயில், அதுக்கு பேரு புவியொளி. நமக்கு அமாவாசைய ஒட்டின நாள்ல நிலாலேர்ந்து பாத்தா பூமி கிட்டத்தட்ட முழு வட்டமா ஜொலிக்கும், அந்த வெளிச்சம் நிலாவோட ராத்திரிப் பக்கத்துல விழுந்து திரும்ப நம்மகிட்டயே வருது. லியனார்டோ டா வின்சி சுமார் 500 வருஷத்துக்கு முன்னாடியே இத சரியா யூகிச்சு எழுதி வெச்சிருக்காரு.

நிலா உதிக்காத நாளும் உண்டு

ஆப்ல ஒரு தேதிக்கு உதய நேரத்துல வெறும் கோடு போட்டிருந்தா ஆப் கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க. திங்கக்கிழமை ராத்திரி 11.40க்கு உதிச்சுதுன்னா அடுத்த உதயம் 24 மணி 50 நிமிஷம் கழிச்சு, அதாவது செவ்வா நடுராத்திரி தாண்டி, தேதிப்படி புதன் 12.30க்கு. நடுவுல செவ்வாக்கிழமைங்கற தேதிக்கு உதயமே இல்லாம போச்சு. இது மாசத்துக்கு ஒரு தடவ தேய்பிறை அரைநிலா பக்கத்துல நடக்கும், அதே மாதிரி வளர்பிறை அரைநிலா பக்கத்துல அஸ்தமனம் இல்லாத ஒரு தேதி வரும்.

27 நாளா 29 நாளா

நிலா பூமிய ஒரு சுத்து சுத்த சுமார் 27.3 நாள், ஆனா ஒரு அமாவாசைலேர்ந்து அடுத்த அமாவாசைக்கு சுமார் 29.5 நாள். ரெண்டும் சரிதான். நிலா ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள பூமி சூரியன சுத்தி 27 டிகிரி நகர்ந்துடுது, அதனால சூரியன் இருக்கற திசையும் மாறிடுது, அத திரும்ப பிடிக்க நிலாவுக்கு கூட ரெண்டு நாள் தேவைப்படுது. அதே கடிகார முள்ளு கதைதான், திரும்ப விளக்க வேண்டியதில்ல.

அடிவானத்துல ஏன் அவ்ளோ பெருசு

பெருசு இல்ல. உதிக்கற நிலாவ நீட்டின கைல சுண்டு விரலால மறைச்சுப் பாருங்க, அப்பறம் உச்சிக்கு வந்ததும் அதே மாதிரி மறைச்சுப் பாருங்க, ரெண்டு தடவையும் விரல்ல பாதி அகலம்தான் இருக்கும். கேமராவும் ஒரே சைஸ்தான் காட்டும். சொல்லப்போனா அடிவானத்துல இருக்கும்போது நிலா நமக்கு பூமியோட ஆரம் அளவுக்கு, சுமார் 6,400 கிலோமீட்டர், கூடுதல் தூரத்துல இருக்கு, அதனால துளி சின்னதாத்தான் இருக்கணும். மரம், கட்டடம் பக்கத்துல பாக்கும்போது மூளை அத பெருசுன்னு எடுத்துக்குது. மஞ்சளா செவப்பா இருக்கறது மட்டும் நெஜம், அங்கேர்ந்து வர்ற வெளிச்சம் ரொம்ப நீளமான காத்த கடந்து வருது, நீல நெறம் வழிலயே செதறிப் போயிடுது.

அந்த இருட்டுப் பக்கம்

நிலா தன்னத்தானே சுத்த எடுத்துக்கற நேரமும் பூமிய சுத்த எடுத்துக்கற நேரமும் ஒன்னுதான், அதனால எப்பவும் ஒரே முகத்ததான் நமக்கு காட்டுது. பூமியோட ஈர்ப்பு கோடிக்கணக்கான வருஷமா இழுத்து இழுத்து இப்டி பூட்டி வெச்சிருக்கு. மறுபக்கத்த நாம பாக்கறது இல்ல, ஆனா அங்க வெயில் அடிக்காம இல்ல, நமக்கு அமாவாசைன்னா அங்க நல்ல பட்டப்பகல். 1959 அக்டோபர்ல சோவியத்தோட லூனா 3 போய் போட்டோ எடுத்து அனுப்பினப்பதான் மனுஷன் அந்தப் பக்கத்த முதல்முதலா பாத்தான்.

நிலாவுல ஒரு பகல் நம்ம கணக்குல சுமார் 14 நாள், ராத்திரியும் அவ்ளோதான். சந்திரயான் 3 2023 ஆகஸ்ட் 23 அன்னிக்கு எறங்கினது அந்த எடத்துல பொழுது விடிஞ்ச நேரம் பாத்துதான், செப்டம்பர் தொடக்கத்துல அங்க பொழுது சாயறதுக்கு முன்னாடி ரோவரையும் லேண்டரையும் தூங்க வெச்சுட்டாங்க. ஒரே ஒரு நிலாப் பகலுக்குன்னு பிளான் பண்ண வேலை அது.

அங்க நின்னு பூமிய பாத்தா உதயம் அஸ்தமனம் எல்லாம் எப்டி இருக்கும்? இருக்காது. ஒரே முகத்த காட்டிட்டு இருக்கறதால நிலாவுல நிக்கறவனுக்கு பூமி வானத்துல ஒரே எடத்துல லேசா ஆடிக்கிட்டு தொங்கும், அங்கயே வளரும், அங்கயே தேயும், நமக்கு பௌர்ணமின்னா அங்க அமாவாசை. அப்ப 1968 டிசம்பர் 24 அன்னிக்கு அப்பல்லோ 8லேர்ந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த, பூமி உதிக்கற மாதிரி இருக்கற அந்த பிரபலமான போட்டோ? அவங்க நிலாவுல எறங்கவே இல்ல, விண்கலத்துல நிலாவ சுத்திட்டு இருந்தாங்க. நகர்ந்தது அவங்கதான்.